அசோகனுக்குக் கிடைக்காத வியாதி

வேலப்பனுக்கென்று மைதான ஓரத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் பக்கெட் இருந்தது. மூத்தோர் கால்பந்து ஆட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில், காசிமேட்டிலிருந்து யாராவது ஒருவர் பைக்கில் ஐஸ் கொண்டுவந்து அதில் கொட்டிவிட்டுப் போவார். ஆட்டத்தின் நடுவே வேலப்பன் சட்டென்று நின்று கையைத் தூக்குவார். நெஞ்சு நிமிடத்துக்கு இருநூறு அடிக்கத் தொடங்கியிருக்கும். கோட்டோரம் வந்து உட்காருவார். மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு முக்குவார். இரண்டு பேர் அவரைச் சாய்த்துக் காலைத் தூக்கிப் பிடிப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் முகம் பக்கெட்டுக்குள் போகும். கூட்டம் பதினைந்து வரை எண்ணுவதற்குள் துடிப்பு சட்டென்று பழைய கதிக்கு இறங்கிவிடும். எழுந்து தலையை உதறிக்கொண்டு மறுபடியும் பந்துக்குப் பின்னால் ஓடுவார். வியாசர்பாடியே விசிலடிக்கும்.

அந்த விசில் அசோகனுக்கு ஆகாது.

அசோகனுக்கு ஐம்பத்து மூன்று வயது. வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. திருவொற்றியூர் பக்கம் ஒரு யார்டில், கண்டெய்னரைப் பெட்டி பெட்டியாகத் தூக்கி அடுக்குகிற ராட்சத வண்டியை இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார். மனைவி மதி, மாநகராட்சிப் பள்ளியில் காலைச் சிற்றுண்டி சமைக்கிறார். ஒரே மகள் பெங்களூரில். பிரஷர் உண்டு, சர்க்கரை உண்டு, இரண்டையும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. பந்து காலில் இருந்தால் இன்னமும் இடது ஓரத்தில் அவரைப் பிடிக்கிற ஆள் கிடையாது என்பது அவருடைய கட்சி.

வேலப்பன் அதே பிளாக்கில் முதல் மாடி. இருவருக்கும் பன்னிரண்டு வயதில் ஒரே ஜோடி பூட்ஸ்தான் இருந்தது. முதல் பாதியில் ஒருவர், இரண்டாம் பாதியில் மற்றவர். பதினெட்டு வயதில் இருவரும் ஒரே நாளில் ஒரு கம்பெனி அணியின் தேர்வுக்குப் போனார்கள். அசோகன் இரண்டு கோல் போட்டார். வேலப்பன் ஒன்று. வேலை வேலப்பனுக்குக் கிடைத்தது. ஏன் என்று அன்றைக்கும் தெரியவில்லை, முப்பத்தைந்து வருடம் கழித்து இன்றைக்கும் தெரியவில்லை. வேலப்பன் இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் சூப்பர்வைசர். கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நின்று ஏற்றிக்கொண்டு போகிறது. அசோகன் ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போகிறார். இருவரும் உயிர்த் தோழர்கள் என்றுதான் ஊர் சொல்லும். ஊர் சொல்வதில் தப்பில்லை. உயிர்த் தோழனைப் பார்த்து வருகிற பொறாமை மாதிரி வேறு யாரைப் பார்த்தும் வராது.

போன வருடம் ஜூன் மாதம், ஆட்டம் தொடங்கி பத்து நிமிடத்தில், அசோகனின் நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது. உயிர் நண்டுகளைச் சாக்கில் போட்டுக் கட்டினால் சாக்கு எப்படிப் புரளுமோ அப்படி. மூச்சு முட்டியது, வியர்த்தது. ஆனால் முதலில் வந்தது பயம் இல்லை. எனக்கும் வந்துவிட்டது என்கிற ஒரு கிளுகிளுப்புதான் முதலில் வந்தது.

கையைத் தூக்கினார். வேலப்பன் தூக்குகிற மாதிரியே.

"இன்னா மாமு, நீயும் நம்ம பார்ட்டியா?" என்று வேலப்பனே ஓடிவந்து அவரை உட்காரவைத்தார். "முக்குடா. நல்லா முக்கு. காலைத் தூக்குங்கடா அவனுக்கு!"

அசோகன் முக்கினார். நண்டுகள் அடங்கவில்லை. முகத்தைப் பக்கெட்டில் விட்டார். ஐஸ் தண்ணீர் காதுக்குள் குத்தியது. வெளியே கூட்டம் எண்ணுவது கேட்டது: பதிமூணு, பதினாலு, பதினைந்து. தலையை எடுத்தார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நண்டுகள் அப்படியேதான் புரண்டுகொண்டிருந்தன.

"செட்டாயிடுச்சு" என்றார்.

விசில் பறந்தது. இந்தத் தடவை அவருக்காக.

அந்த ஒரு விசிலுக்காக எட்டு மாதம் இதையே செய்தார். புரளும்போதெல்லாம் பக்கெட். ஒவ்வொரு தடவையும் செட்டாயிடுச்சு. சில நாள் இரண்டு மணி நேரத்தில் தானாக நிற்கும். பிறகு இரண்டு நாள் நீடித்தது. பிறகு நிற்கவே இல்லை, பழகிவிட்டது. மதி கேட்டபோதெல்லாம், "வேலப்பனுக்கு வந்ததுதான் எனுக்கும். அவன் நல்லாத்தான கீறான்?" என்று வாயை அடைத்தார்.

நவம்பரில் வேலப்பன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு புதன்கிழமை போய் வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார். மாடிப்படியில் உட்கார்ந்து லுங்கியைத் தொடைவரை ஏற்றி, கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளியைப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

"இது வயியா ஒயரு ஒண்ணு வுட்டு, நெஞ்சு வரைக்கும் போயி, உள்ள எக்ஸ்ட்ரா லைன் ஒண்ணு இருந்துச்சாம், அத்த சுட்டுட்டாங்கோ. முடிஞ்சிது மேட்டரு. இனிமே வராதாம். மாத்திரை கூட கெடையாது."

"மாத்திரை கூட கெடையாதா?" என்றார் அசோகன்.

"ஒண்ணுங்கூட கெடையாதுடா!"

வேலப்பன் தன்னுடைய ஈசிஜி தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். நூற்றுப்பதினேழு பேர் பார்த்தார்கள். அசோகன் அதை யாருக்கும் தெரியாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டார்.

பிப்ரவரியில் வண்டியின் ஏணியில் ஏறும்போது நாலாவது படியில் கண் இருட்டியது. கீழே நின்ற ஆள் தாங்கிப் பிடித்ததால் தப்பித்தார். விஷயம் மதியின் காதுக்கு வந்தது.

"மாடிக்கு ஒரு கொடம் தண்ணி தூக்கிகினு வந்தாக்கா நாய் மாதிரி எளைக்கிற. இதுல பக்கெட்டு வைத்தியம் வேறயா? நடய்யா!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

இதய நோய்ப் பிரிவின் வெளி பெஞ்சில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வந்து உட்காருகிறவரிடம் பேர் கேட்க மாட்டார்கள், ஊர் கேட்க மாட்டார்கள். "வேகமா, மெதுவா?" என்றுதான் கேட்பார்கள்.

அசோகனைக் கேட்டவர் கௌசர். ராயபுரத்தில் பிளவுஸ் தைக்கிறவர், நாற்பது வயது இருக்கும்.

"தெர்லம்மா. கண்டபடி அடிக்குது."

"எனக்கு மெதுவாண்ணே. நிமிசத்துக்கு முப்பத்திநாலு. மிசின்ல குந்திகினே மயக்கம் போட்டு வியுந்துட்டேன். மேலேர்ந்து கீய கரண்டே எறங்கலன்னுட்டாங்கோ." துப்பட்டாவை லேசாக நகர்த்தி, காறை எலும்புக்குக் கீழே ஒரு சின்ன மேட்டைக் காட்டினார். "பேஸ்மேக்கர். தீப்பெட்டி சைசு. நெஞ்சு மறந்துட்டாக்கா இது ஞாபகப்படுத்துமாம். பத்து வருசத்துக்கு பேட்டரி."

அசோகன் அந்த மேட்டையே பார்த்தார். காட்டுவதற்கு ஒன்று இருக்கிறது அந்த அம்மாவுக்கு. வேலப்பனுக்குத் தொடையில் புள்ளி. தனக்கு?

டாக்டர் அறையிலிருந்து ஒரு போலீஸ்காரர் சிரித்த முகமாக வெளியே வந்தார். நடுநடுவே நெஞ்சு ஒரு அடியை விழுங்கிவிடுகிறது என்று பயந்து போனவராம். ஒரு அடி முன்கூட்டியே வந்துவிடுகிறது, அதனால் அடுத்த அடி கொஞ்சம் தாமதிக்கிறது, அந்த இடைவெளியைத்தான் நின்றுபோனதாக நினைத்துக்கொண்டீர்கள், டீயைக் குறைத்துவிட்டு ஒழுங்காகத் தூங்குங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டாராம். அசோகனுக்கு அந்த மனிதர்மேலும் எரிச்சல் வந்தது.

டாக்டர் ஜெஸ்லினுக்கு அசோகனின் மகள் வயதுதான் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்த கையோடு அசோகன் விஷயத்துக்கு வந்தார்.

"டாக்டர், வேலப்பன்னு ஒர்த்தர் நவம்பர்ல வந்தாரு. அவருக்கு பண்ணத அப்டியே எனுக்கும் பண்ணிடுங்கோ. ஏப்ரல் பதினாலு மேட்ச் கீது."

"உங்க நண்பருக்கு என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அசோகன் செல்போனை எடுத்து அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினார். மதி தலையில் அடித்துக்கொண்டார். டாக்டர் அதை வாங்கி, அசோகனின் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சரி, நீங்களே பாருங்க. இது அவரோடது. ரொம்ப வேகம். ஆனா ஒவ்வொரு முள்ளுக்கும் நடுவுல இடைவெளி ஒரே அளவு, ஸ்கேல் வெச்சு அளக்கலாம். இது உங்களோடது. ஒண்ணு கிட்ட இருக்கு, அடுத்தது தள்ளி இருக்கு, அதுக்கடுத்தது ஒட்டிக்கிட்டு இருக்கு. எந்தக் கணக்கும் கிடையாது."

"வேகந்தான டாக்டர் ரெண்டும்?"

"எங்க வேலை பாக்கறீங்க?"

சொன்னார்.

"அப்போ லாரி வெச்சே சொல்றேன். இதயத்துல மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறை. மேல ஒரு இடத்துலேர்ந்து ஒரு லாரி கிளம்பி, கேட்டைத் தாண்டி, கீழ போகணும். ஒரு லாரி போனா ஒரு துடிப்பு. உங்க நண்பருக்குப் பிறவியிலயே கேட்டுக்குப் பக்கத்துல ஒரு சந்து இருந்துச்சு. லாரி அதுல நுழைஞ்சு அங்கயே சுத்திச் சுத்தி வருது. சுத்துற ஒவ்வொரு தடவையும் ஒரு துடிப்பு. மூச்சைப் பிடிச்சு முக்கினா, முகத்தை ஐஸ் தண்ணியில விட்டா, கேட்டு ஒரு நொடி மூடும். சுத்துறது அறுந்துடும். அதான் அவருக்கு அது கேட்டுச்சு. சந்தைச் சுட்டு அடைச்சதும் வேலை முடிஞ்சுது."

"எனுக்கு?"

"உங்களுக்கு மேல் அறை முழுக்க நூத்துக்கணக்குல லாரி. ஒரே நேரத்துல ஹாரன் அடிச்சுக்கிட்டு முண்டுது. எது எப்போ கேட்டுக்குள்ள பூருதோ அதுதான் துடிப்பு. நீங்க முகத்தைத் தண்ணியில விட்டா கேட்டு ஒரு நொடி மூடும், அவ்வளவுதான். லாரிங்க கலைஞ்சு போகாது."

அசோகன் கொஞ்சம் யோசித்தார். "அப்போ எனுக்கு எத்தினி சந்து அடைக்கணும்? நாலு ஆனாலும் பரவால்ல டாக்டர்."

டாக்டர் தாளை மடித்தார். "சிலருக்கு அதுவும் செய்யறோம். அவருக்கு இருந்த வியாதின்னா நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு மேல ஒரே தடவையில சரியாயிடும். இதுல அப்படிச் சொல்ல முடியாது, திரும்ப வரலாம். எவ்வளவு நாளா இருக்கு?"

"எட்டு மாசம்" என்றார் மதி.

"அதான் மேல் அறை வீங்கியிருக்கு. ஆரம்பத்துலயே வந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன். முதல்ல வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை. இன்னொண்ணு அதைவிட முக்கியம், கேளுங்க. அந்த அறை பிழிஞ்சு தள்ளாம நடுங்கிக்கிட்டே இருக்கு. அதனால ஒரு மூலையில ரத்தம் தேங்கும், தேங்கினா உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போச்சுன்னா பக்கவாதம். உங்களுக்குப் பிரஷர், சுகர் வேற இருக்கு. அதனால ரத்தம் உறையாம இருக்க இந்த மாத்திரை. ஒரு வேளை கூட விடக் கூடாது."

"மேட்ச்சு?"

"நடங்க. மெதுவா ஓடுங்க. முட்டி மோதுற ஆட்டம் வேண்டாம். இந்த மாத்திரை சாப்பிடும்போது தலையில அடிபட்டா உள்ள கசியற ரத்தம் லேசுல நிக்காது." பிறகு, அசோகனின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "கீழ் அறையிலேர்ந்து கிளம்புற வியாதி ஒண்ணு இருக்கு. அது வந்தா நின்ன இடத்துலயே சுருண்டு விழுந்துடுவாங்க. அது உங்க ரெண்டு பேருக்குமே இல்ல. அதுக்கு சந்தோஷப்படுங்க."

அசோகன் சந்தோஷப்படவில்லை. எல்லாருக்கும் பேர் வைத்து முடித்துவைக்கிற மாதிரி ஒன்று. தனக்கு மட்டும் ஆயுசுக்கும் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒன்று. வியாதியில் கூட வேலப்பனுக்கு நல்லதாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறது.

யார்டில், வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சான்று தரும்வரை கேட்டில் நின்று கண்டெய்னர் சீல் பார்க்கும் வேலை கொடுத்தார்கள். நாடி பார்க்க டாக்டர் கற்றுக்கொடுத்திருந்தார்: மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம், இரண்டு விரல், ஒரு முழு நிமிடம். தினமும் காலையில் தன் நாடியை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் அசோகனுக்கு வெறி பிடித்துவிட்டது. மதியின் கையைப் பிடித்தார். லாரி டிரைவர்களின் கையைப் பிடித்தார். சீல் நம்பர் எழுதுவதற்குள் ஒரு நிமிடம் கிடைத்தால் போதும். இந்த ஆள் ஒழுங்கு. இந்த ஆளுக்கு நடுவில் ஒன்று துள்ளுகிறது. இந்த ஆள் மெது, முன்னாள் பாக்ஸர், அதனால் மெது. தன்னுடையது மாதிரி இன்னொன்றை அவர் தேடிக்கொண்டிருந்தார். முந்நூறு கைகளில் இரண்டே இரண்டு கிடைத்தன. இருவரையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

வேலப்பனின் நாடியையும் பார்த்தார். மாடிப்படியில், அடிக்கடி. எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு, எழுபது. கடிகாரம் தோற்றது. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

"இன்னா மாமு, ஒயுங்கா கீதா?" என்பார் வேலப்பன், கையை நீட்டிக்கொண்டு.

"கீது, கீது."

ஏப்ரல் பதினாலு, அம்பேத்கர் பிறந்தநாள் கோப்பை. நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கான ஏழு பேர் ஆட்டம், எதிரே புளியந்தோப்பு. அசோகனை அணி மேனேஜர் ஆக்கியிருந்தார்கள். மேனேஜர் என்றால் துண்டும் தண்ணீர் பாட்டிலும் பார்த்துக்கொள்வது. பதினோராம் எண் சட்டை, முப்பது வருடமாக அவர் போட்ட சட்டை, இந்த வருடம் வேலப்பனின் முதுகில் இருந்தது.

அசோகன் யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருந்தார். மூன்று நாளாக ரத்தம் உறையாமலிருக்கிற மாத்திரையை விட்டிருந்தார். அவர் போட்ட கணக்கு நேரானது: மாத்திரை இருந்தால்தானே அடிபட்டால் ரத்தம் நிற்காது? மாத்திரையே இல்லை என்றால் யார் என்ன சொல்ல முடியும்? துண்டுகள் வைத்த பைக்குள், அடியில், பூட்ஸ் இருந்தது. மூத்தோர் ஆட்டத்தில் யார் வேண்டுமானாலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறி மாறி இறங்கலாம். ஒருவர் வெளியே வந்தால் போதும்.

முதல் பாதியில் வேலப்பன் ஒரு கோல் போட்டார். இடது ஓரத்திலிருந்து, அசோகன் போடுகிற கோணத்தில். மேளம் அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், "இன்னாமா ஓட்றான்யா! நெஞ்சுல ஆபரேசன் பண்ண ஆளு மாதிரியா கீது?" என்றார். அசோகன் துண்டை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தார். வந்துடணும், அந்தச் சுத்தல் அவனுக்கு மறுபடி வந்துடணும் என்று வாய்க்குள் முணுமுணுத்தார். அப்படி முணுமுணுத்தது தன் காதிலேயே விழுந்தது. இருந்தும் நிறுத்தவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வேலப்பன் நின்றார். நெஞ்சில் கை வைத்தார். முகம் வெளிறிப்போய் கோட்டை நோக்கி நடந்து வந்தார்.

"மாமு. வந்துடுச்சு போலடா."

கையை நீட்டினார். அசோகன் இரண்டு விரலை வைத்தார்.

ஓடிய வேகத்தில் நூற்றுப்பத்து, நூற்றிருபது இருக்கும். ஒழுங்காக, அடிமேல் அடியாக வந்துகொண்டிருந்தது. பிறகு ஒன்று முந்திக்கொண்டு துள்ளியது. ஒரு சின்ன இடைவெளி. மறுபடியும் ஒழுங்கு. பதினைந்து அடி கழித்து இன்னொரு துள்ளல். பழைய சுத்தல் கிடையாது. இந்த இரண்டு மாதத்தில் முந்நூறு கைகளில் பிடித்துப் பழகிய விரலுக்கு இதில் சந்தேகமே இல்லை. ஆஸ்பத்திரியில் அந்தப் போலீஸ்காரருக்கு வந்ததுதான் இது. டீயைக் குறைத்தால் போகிறது.

அசோகன் நிமிர்ந்து பார்த்தார். வேலப்பனின் சட்டையில் பதினொன்று.

"ஏறிடுச்சுடா. வெளிய வந்துடு" என்றார்.

வேலப்பன் அதை அப்படியே நம்பினார். சட்டையைத் தலைவழியாக உருவிக் கொடுத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். "அப்போ ஆபரேசன் வேஸ்ட்டா?" என்று மட்டும் கேட்டார். பதில் வருவதற்குள், "நீ சொன்னாக்கா கரீட்டாத்தான் இருக்கும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

அசோகன் பூட்ஸ் கயிற்றை இறுக்கினார். சட்டை ஈரமாக, சூடாக இருந்தது. நடுவர் கையை ஆட்டினார். உள்ளே ஓடினார். கூட்டத்தில் யாரோ, "அசோகூ!" என்று கத்தினார்கள். அந்த ஒரு கத்தலில் இரண்டு மாதச் சீல் பார்க்கும் வேலை கழுவிக்கொண்டு போயிற்று. பந்து காலுக்கு வந்தது. ஒருவரைத் தாண்டினார், இன்னொருவருக்குக் கொடுத்தார். மூச்சு இரைத்தது, நண்டுகள் புரண்டன, பரவாயில்லை. பந்து வெளியே போன நேரத்தில் கோட்டோரம் பார்த்தார்.

வேலப்பன் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு முக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் காலைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கையை எடுத்து, தன் மணிக்கட்டைத் தானே தடவிப் பார்த்தார். மறுபடியும் முக்கினார். கழுத்து நரம்பு புடைத்து முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் பதினைந்து எண்ணி முடித்துவிட்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேலப்பனின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இல்லாத ஒன்றை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். நிற்காத ஒன்றை நிறுத்தப் பார்த்து, பதினைந்து எண்ணி முடித்த பிறகு கூட்டத்தின் முகத்தைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அந்த மைதானத்தில் அசோகன் ஒருவருக்குத்தான் தெரியும்.

பந்து உள்ளே வந்தது. அசோகன் அதை விட்டுவிட்டு நடந்தார். "எங்கய்யா போற!" என்று கோல்கீப்பர் கத்தினார்.

"மாமு, எய்ந்திரு. உனுக்கு ஒண்ணும் இல்ல."

வேலப்பன் மூக்கைப் பிடித்த கையோடு பார்த்தார்.

"பீலா வுட்டேன்டா. சும்மா நடுவுல ஒண்ணு துள்ளுது. அது அல்லாருக்கும் வர்றது. அந்தப் பயைய சுத்தல் இல்ல. ஆபரேசன் சோக்காத்தான் கீது."

"ஏன்டா அப்டி சொன்ன?"

"இந்தச் சட்டைக்கு."

காலைப் பிடித்திருந்த இரண்டு பேரும் காலைக் கீழே போட்டார்கள். வேலப்பன் மெதுவாக எழுந்தார். "கஸ்மாலம்! எம் பொண்டாட்டிக்கு இன்னான்னு சொல்றதுன்னு அயுதுகினு குந்தினு கீறேன்டா இங்க! நீ அங்க ஆடிகினு கீறியா?" கையை ஓங்கினார். ஓங்கிய கை பாதியில் நின்றது. "இரு. ஆட வேணாம்னு சொல்லித்தான வெச்சாங்கோ உனுக்கு? எப்டி எறங்குன? மாத்திரை போட்டியா?"

அசோகன் பூட்ஸைப் பார்த்தார்.

"எத்தினி நாளாடா?"

"மூணு."

வேலப்பன் அசோகனை அடிக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினார்: "மதீ! ஏ மதீ! இங்க வா, உம் புருசன் மூணு நாளா மாத்திரை போடலயாம்!"

மேளம் கூட ஒரு நொடி நின்றது. மதி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். வேலப்பன் சட்டையை உருவிக்கொள்ள, மதி மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பனியனும் பூட்ஸுமாக அசோகன் பின்னால் போனார். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்க நின்றபோது மைதானத்திலிருந்து விசில் கேட்டது, விடாமல் கேட்டது. யார் போட்ட கோல் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. வயிறு எரிந்தது. மதி மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, அவர் விழுங்குகிறவரை வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் இருவரையும் மதியே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். நாலு நாளாக இருவருக்கும் பேச்சு கிடையாது. ஷேர் ஆட்டோவில் மதியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

டாக்டர் ஜெஸ்லின் முதலில் அசோகனைத் திட்டினார். மாத்திரையை விட்டால் உடம்பு வியாதி இல்லாத நிலைக்குத் திரும்பிவிடாது, கட்டி உறைவதற்குக் கதவு திறந்து வைத்த மாதிரி, அந்த மூன்று நாளில் எது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம், நடக்காதது உங்கள் சாமர்த்தியம் இல்லை என்று, குரலை உயர்த்தாமல், நெடுநேரம். பிறகு, முந்தின நாள் மாட்டி அனுப்பி, வேலப்பனின் நெஞ்சில் ஒரு நாள் முழுக்க ஒட்டியிருந்த சின்னப் பெட்டியின் பதிவைத் திரையில் பார்த்தார்.

"ஒரு லட்சம் துடிப்புல முன்னூத்திப் பன்னெண்டு துள்ளல். ஒண்ணுமே இல்ல. பழைய சுத்தல் ஒரு தடவை கூட வரல. தாராளமா ஆடுங்க." நிமிர்ந்தார். "மைதானத்துல இதை யாரோ கையிலேயே கண்டுபிடிச்சதா மதியக்கா சொன்னாங்க?"

வேலப்பன் வேண்டாவெறுப்பாக மோவாயால் அசோகனைக் காட்டினார்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"ஒண்ணு முந்திகினு வருது டாக்டர். அப்பால கொஞ்சம் நிக்குது. அப்பால பயையபடி. சுத்தலா இருந்தாக்கா எண்ணவே முடியாது, வெரலுக்குக் கீய நடுங்கும்."

"எங்க ஹவுஸ் சர்ஜன்ல பாதிப் பேர் இதைக் கையில பிடிச்சுச் சொல்ல மாட்டாங்க" என்றார் டாக்டர். அதற்குமேல் புகழவில்லை, மாத்திரைச் சீட்டை எழுதத் தொடங்கிவிட்டார்.

வெளியே பெஞ்சில், நாலு நாளுக்குப் பிறகு வேலப்பன் வாயைத் திறந்தார். "கைய குடு" என்றார். அசோகனின் மணிக்கட்டில் விரலை வைத்து, கண்ணை மூடி, ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடா இது, தலையும் இல்ல, வாலும் இல்ல."

"அதான் என்னுது."

"என்னுதுல இன்னா தெரிஞ்சிது உனுக்கு? நானும் நாலு நாளா புடிச்சி புடிச்சிப் பாக்குறேன். எனுக்கு ஒரு எயவும் தெர்ல."

அதற்குள் எதிர் பெஞ்சிலிருந்து, எண்ணூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா எழுந்து வந்தார். உள்ளே நடந்ததைக் கதவோரம் கேட்டிருக்க வேண்டும். வேலப்பனைத் தாண்டி, அசோகனிடம் கையை நீட்டினார்.

"அண்ணே, எனுக்கு கொஞ்சம் பாத்து சொல்றீங்களா? டாக்டர் கூப்பட இன்னும் நேரமாவும்."

வேலப்பனின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, மறுபடியும் பார்த்தார். அந்தக் கோணலை அசோகனுக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தைந்து வருடம் தன் முகத்தில் வைத்திருந்தவர். அடுத்தவர் முகத்தில் அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அசோகன் கொஞ்சம் நகர்ந்து அந்த அம்மாவுக்கு இடம் விட்டார். இரண்டு விரலை வைத்தார். ஒரு முழு நிமிடம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவசரமே இல்லாமல், வாய்விட்டு எண்ணத் தொடங்கினார்.